ஆற்றில் ஒரு மாலை, பானங்களும் சேர்த்து: சென்னைக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோவாவுக்கோ பாங்காக்குக்கோ டிக்கெட் போட்ட கையோடு நண்பர்களும் உறவினர்களும் மாலை நேர ஆற்றுப் படகைப் பற்றிக் கேட்கும் கேள்விகள் இவை. அலுவலகத்தில் டீம் அவுட்டிங் ஏற்பாடு செய்பவர்கள், கல்யாண நாளைக் கொண்டாடப் போகிறவர்கள், அப்பா அம்மாவை முதன்முதலாக வெளிநாடு அழைத்துப் போகிறவர்கள் எல்லோரும் இதில் உண்டு. எனக்குப் பிடித்தது, பிடிக்காதது இரண்டையும் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறேன்.

எல்லாக் கேள்விக்கும் முன்பாக ஒன்று. எத்தனை கிளாஸ் தருகிறார்கள் என்று பார்த்துப் படகைத் தேர்ந்தெடுக்காதீர்கள். எத்தனை மணிக்குக் கிளம்புகிறது, எந்தத் தளத்தில் உட்காரப் போகிறீர்கள், எத்தனை பேரை ஏற்றுகிறார்கள் என்ற மூன்றையும் முதலில் கேளுங்கள். பானம் அதற்குப் பிறகு.

சென்னையில் மூன்று ஆறு ஓடுகிறதே, இங்கேயே ஒரு மாலைப் படகு ஏன் இல்லை?

வடக்கே கொசஸ்தலையாறு, நடுவில் கூவம், தெற்கே அடையாறு, இவற்றைக் குறுக்கே தைத்துக்கொண்டு போகும் பக்கிங்ஹாம் கால்வாய். வரைபடத்தில் பார்த்தால் படகு விடுவதற்கென்றே அமைந்த ஊர். விட்டும் இருக்கிறார்கள். ஆந்திரப் பக்கத்திலிருந்து அரிசியும் விறகும் உப்பும் கால்வாய் வழியே பேசின் பிரிட்ஜ் வரை படகில் வந்து இறங்கியிருக்கின்றன. அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் துண்டை வெட்டியதே தாது வருஷப் பஞ்சத்தின்போது, 1877-78-இல், பட்டினி கிடந்தவர்களுக்குக் கூலி கொடுப்பதற்காகத்தான். 1970-களில் கூவத்தைச் சீரமைத்து, கடையெழு வள்ளல்கள் பெயரில் படகுத்துறைகள் கட்டி, மக்கள் ஏறிச் சுற்றிவரப் படகும் விட்டார்கள். அது நிலைக்கவில்லை.

கழிவுநீர் முதல் காரணம் என்பது எல்லோருக்கும் தெரியும். அதிகம் பேசப்படாத இன்னொரு காரணம் ஆற்றின் வாயில் இருக்கிறது. நம் கரையோரக் கடல்மணல் ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டிருக்கும். 1870-களில் துறைமுகத்தின் கல் அணைகள் கடலுக்குள் நீளத் தொடங்கியதும் அந்த மணல் தெற்குப் பக்கமே தங்கிவிட்டது. மெரினா அகலமானது அப்படித்தான். அதே மணல் கூவத்தின் முகத்துவாரத்தையும் அடைக்கிறது. கடல்நீர் உள்ளே வந்து போகாவிட்டால் ஆற்றில் வருவதெல்லாம் அங்கேயே தேங்கும், அடியில் சேறு ஏறும், ஆழம் குறையும். பத்துப் பேர் உட்காரும் படகுக்கே தண்ணீர் போதாது என்றால் சமையலறை வைத்த படகை எங்கே விடுவது? பாலங்களும் தாழ்வானவை. கால்வாய்க்குள்ளே பறக்கும் ரயிலின் தூண்கள் வரிசையாக இறங்கியிருக்கின்றன.

ஆக, நகருக்குள் இன்றைக்குக் கிடைப்பது கரையில் நின்று பார்ப்பதுதான். 2022 செஸ் ஒலிம்பியாடுக்காகச் சதுரங்கக் கட்டம் பூசப்பட்ட நேப்பியர் பாலத்தைப் பார்க்க அன்றைக்குக் குடும்பம் குடும்பமாகத் திரண்ட கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இந்த ஊர் மக்களுக்கு ஆற்றங்கரை வேண்டும். கூவம் அதற்கு ஏற்றபடி திரும்பி வரவேண்டும் என்று மனதார விரும்புகிறவர்களில் நானும் ஒருவன்.

பக்கத்தில் வேறு என்ன இருக்கிறது?

முட்டுக்காடு. கிழக்குக் கடற்கரைச் சாலையில், நகரிலிருந்து சுமார் 36 கிலோமீட்டர். தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுக் குழாம் 1984-இலிருந்து அங்கே நடக்கிறது. அது ஆறு இல்லை, கோவளத்துக்கு அருகே கடலில் கலக்கும் உப்பங்கழி. சென்னையில் கடற்கரைக்குப் போனால் சூரியன் முதுகுக்குப் பின்னால், கட்டடங்களுக்கு நடுவே மறைந்துவிடும். இங்கே கழி சாலைக்கு மேற்கே விரிந்து கிடப்பதால் சூரியன் தண்ணீர்ப் பக்கமே இறங்கும். இதற்காகவே நான் முட்டுக்காட்டைச் சிபாரிசு செய்வேன்.

மிதிபடகு, துடுப்புப் படகு, மோட்டார் படகு எல்லாம் பகல் நேரத்துக்கானவை, இருட்டும்போது நின்றுவிடும். அண்மை ஆண்டுகளில் புதிதாக வந்தது இரண்டு தள மிதக்கும் உணவகக் கப்பல். நீளம் 125 அடி, கீழே ஏசி அறை, மேலே திறந்த தளம். பிறந்தநாள், சின்ன அலுவலகக் கொண்டாட்டம் ஆகியவற்றுக்கு ஏற்றது. எந்தெந்த நாளில், எத்தனை மணிக்கு ஓட்டுகிறார்கள் என்பதைப் படகுக் குழாமிலேயே கேட்டு உறுதி செய்துகொண்டு கிளம்புங்கள்.

இன்னும் தெற்கே, ஏறக்குறைய 90 கிலோமீட்டரில் முதலியார்குப்பம் படகுக் குழாமும் உண்டு. அமைதியான இடம், ஆனால் பகலில் போய்ப் பகலிலேயே திரும்ப வேண்டியது.

பழவேற்காடு?

பறவை பார்க்கக் காலையில் போங்கள். மாலைப் படகுக்கு வேண்டாம். காரணத்தைக் கீழே “பாதுகாப்புக்கு என்ன பார்க்க வேண்டும்?” என்ற கேள்வியில் சொல்லியிருக்கிறேன்.

முட்டுக்காட்டுக்கு நாங்களே பாட்டில் எடுத்துப் போய்ப் படகில் குடிக்கலாமா?

கூடாது. தமிழ்நாட்டில் மது பரிமாற இடத்துக்கு உரிமம் வேண்டும், பொது இடத்தில் குடிப்பது குற்றம். படகும் படகுத்துறையும் பொது இடங்கள்தான். பிளாஸ்டிக் பாட்டிலில் கலந்து கொண்டுபோகிறவர்கள் இருக்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். அதை நான் சட்டத்துக்காக மட்டும் எதிர்க்கவில்லை. எவ்வளவு குடித்தோம் என்று படகோட்டிக்குத் தெரியாமல் அவரை நம்பித் தண்ணீரில் இறங்குவது அவருக்குச் செய்யும் துரோகம். நாம் ஆடி விழுந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்.

இரண்டு விவரங்கள் இங்கேயே. தமிழ்நாட்டில் மது அருந்த வயது 21 ஆகியிருக்க வேண்டும். திருவள்ளுவர் நாள், குடியரசு நாள், வடலூர் வள்ளலார் நினைவு நாள், மகாவீரர் ஜெயந்தி, மே தினம், சுதந்திர தினம், மிலாடி நபி, காந்தி ஜெயந்தி ஆகிய நாட்களில் மதுவிலக்கு. இவற்றில் பாதி நீண்ட விடுமுறையோடு சேர்ந்து வரும், அதனால் திட்டம் போடும்போதே காலண்டரைப் பாருங்கள். கோவா போகிறவர்களுக்கும் இது நல்ல பழக்கம். காந்தி ஜெயந்தி நாடு முழுவதற்கும் பொது.

சென்னைத் துறைமுகத்திலிருந்து பெரிய கப்பல் போகிறதே, அதில்?

2022 ஜூனில் தொடங்கிய கோர்டீலியா பயணங்களைக் கேட்கிறீர்கள். அது இரண்டு மூன்று நாள் கடலில் போகும் கப்பல், பார் உண்டு, மதுவுக்குத் தனிக் கட்டணம். சென்னையிலிருந்து சில பருவங்களில் மட்டுமே ஓடும். ஒரு மாலை மட்டும் ஒதுக்க முடிந்தவர்களுக்கு அது பொருந்தாது.

அப்படியானால் பானங்களோடு ஆற்றில் போக எங்கேதான் போவது?

சென்னையிலிருந்து எளிதில் போய்வரக்கூடியவை இரண்டு: கோவாவின் மாண்டவி ஆறு, பாங்காக்கின் சாவ் பிரயா. இரண்டும் இரண்டு விதம்.

மாண்டவியில் பயணம் சின்னது. பனாஜியில் மாண்டவிப் பாலத்தருகே சாண்டா மோனிகா துறை. அங்கிருந்து கிளம்பும் படகு ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆற்றின் வாயை நோக்கிப் போய்த் திரும்பும். போகும்போது இடப்பக்கம் பனாஜி நகரம், வலப்பக்கம் எதிர்க்கரையில் ரெய்ஸ் மாகோஸ் கோட்டை. ஆறு மேற்கே அரபிக்கடலில் போய் விழுவதால் சூரியன் நேராக ஆற்றின் வாயில் இறங்கும். திரும்பும்போது 2019-இல் திறந்த அட்டல் சேது, கம்பிகளில் விளக்கோடு எதிரே வரும். படகில் கொங்கணி நடனமும் போர்த்துக்கீசியக் காலத்து நடனமும் ஆடுவார்கள், பிறகு டிஜே பாட்டுப் போட்டு எல்லோரையும் மேடைக்கு அழைப்பார்கள். சாதாரண டிக்கெட்டில் பெரும்பாலும் பானம் சேராது, படகிலேயே இருக்கும் கவுண்டரில் காசு கொடுத்து வாங்க வேண்டும். பானமும் உணவும் சேர்த்து விற்பவை தனியார் நடத்தும் நீண்ட பயணங்கள்.

பாங்காக்கில் பயணம் நீளம், ஏறக்குறைய இரண்டு மணி நேரம். ஐகான்சியாம், ரிவர் சிட்டி, ஏசியாடிக் ஆகிய துறைகளிலிருந்து பெரிய கப்பல்கள் கிளம்புகின்றன. பஃபே சாப்பாடு, பாட்டு, மேல் தளம். இங்கே பானம் சேர்த்த டிக்கெட், சேர்க்காத டிக்கெட் என்று இரண்டாகவே விற்பார்கள். ஐகான்சியாமிலிருந்து வடக்கே போகும்போது வாட் அருண் கோயில் இடப்பக்கம், அரண்மனையும் அதன் பொற்கூரைகளும் வலப்பக்கம். ராமா எட்டாம் பாலத்தைத் தொட்டுத் திரும்பும் கப்பல் என்றால் எல்லாவற்றையும் இரண்டு முறை பார்ப்பீர்கள், அதனால் எந்தப் பக்கம் இடம் கிடைத்தது என்று சண்டை போட வேண்டியதில்லை. கோயிலும் அரண்மனையும் ஆற்றங்கரையிலேயே கட்டப்பட்டவை. சாலையிலிருந்து பார்த்தவர்களுக்கும் தண்ணீரிலிருந்து அவை புதிதாகத் தெரியும்.

எனக்கு எது பிடிக்கும் என்றால், சூரியனைப் பார்க்க மாண்டவி, விளக்கைப் பார்க்க சாவ் பிரயா.

கோவா கசினோ கப்பலும் இதே டிக்கெட்தானா?

இல்லை. அவை மாண்டவியில் நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்கள். சின்னப் படகில் உங்களை அழைத்துப் போய் ஏற்றுவார்கள். டிக்கெட்டில் சாப்பாடும் மதுவும் சேர்ந்திருக்கும், அதனால்தான் குழப்பம். கப்பல் சுற்றிக்காட்டப் போவதில்லை, நீங்கள் உட்காரப் போவது சூதாட்ட மேசையில். 21 வயதுக்குக் கீழே அனுமதி இல்லை. ஆற்றைப் பார்க்க வந்தவர்கள் அங்கே போகாதீர்கள்.

“பானங்கள் உட்பட” என்று போட்டிருந்தால் எதெல்லாம் வரும்?

அதிக ஏமாற்றம் இந்த ஒரு வரியில்தான். ஏனென்றால் இதே வரியைப் பல படகுகள் பல பொருளில் போடுகின்றன. சிலவற்றில் ஏறும்போது கையில் கொடுக்கும் ஒரு சின்ன டம்ளர் ஜூஸோடு சரி. சிலவற்றில் தண்ணீர், குளிர்பானம், டீ, காபி மட்டும். சிலவற்றில் பீரோ ஒயினோ இரண்டு கிளாஸ், கூப்பனாகத் தருவார்கள். அளவில்லாமல் ஊற்றுகிறோம் என்று சொல்லும் படகுகளிலும் அது உள்ளூர் பீருக்கும் ஹவுஸ் ஒயினுக்கும்தான் பொருந்தும். விஸ்கி கேட்டால் தனி பில். முன்பதிவு செய்யும்போதே நேராகக் கேளுங்கள்: மது சேர்ந்ததா, எந்த வகை, எத்தனை, எத்தனை மணி வரை ஊற்றுவீர்கள்? பதிலை வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஊற்றுவதைப் பல படகுகள் கரை சேர்வதற்கு இருபது நிமிடம் முன்பே நிறுத்திவிடும். அது நல்ல வழக்கம், கோபப்படாதீர்கள். ஆடும் பலகையில் எல்லோரும் இறங்க வேண்டியிருக்கிறது.

விலையையும் முழுதாகக் கேளுங்கள். தாய்லாந்தில் விலைக்குப் பின்னால் இரண்டு கூட்டல் குறி போட்டிருந்தால் அதன் மேல் 10 சதவீத சேவைக் கட்டணமும் 7 சதவீத வரியும் ஏறும் என்று பொருள். இந்தியாவில் உணவுக்கு ஜிஎஸ்டி, மதுவுக்கு மாநில வாட் என்று பில்லில் தனித்தனியாக வரும்.

பிறகு அளவு. இரண்டு பீர்தானே என்று நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு: 8 சதவீத ஸ்ட்ராங் பீர் 650 மில்லி பாட்டில் ஒன்றில் இருக்கும் ஆல்கஹால், 30 மில்லி விஸ்கி நான்கில் இருப்பதற்குச் சமம். மேல் தளத்தில் காற்று வீசுவதால் ஏறுவது தெரியாது. ஒரு கிளாஸ் பானம், ஒரு கிளாஸ் தண்ணீர் என்று மாற்றி மாற்றிப் போங்கள், முதல் கிளாஸுக்கு முன்பே ஏதாவது சாப்பிட்டுவிடுங்கள். சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் குடித்தால் சர்க்கரை அபாயமான அளவுக்கு இறங்கக்கூடும். டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

நான் குடிக்க மாட்டேன், குழுவில் எல்லோருக்கும் ஒரே டிக்கெட் போட்டுவிட்டார்கள். என்ன செய்வது?

பானம் சேர்க்காத டிக்கெட் தனியாக இருக்கிறதா என்று கேளுங்கள், பாங்காக்கில் பெரும்பாலும் இருக்கும். இல்லாவிட்டால் அதே கூப்பனுக்கு மாக்டெயிலோ இளநீரோ தரச் சொல்லுங்கள். டீம் அவுட்டிங் ஏற்பாடு செய்பவர்களிடம் ஒரு வேண்டுகோள்: செலவை சமமாகப் பிரிக்காதீர்கள். குடிக்காத பெண்களும், புதிதாகச் சேர்ந்த பையன்களும் வாயைத் திறந்து கேட்க மாட்டார்கள். நீங்களாகக் கேட்டு இரண்டு விதமாக டிக்கெட் எடுங்கள். “ஒரு கிளாஸ்தானே, சும்மா எடு” என்று வற்புறுத்துவது எந்தப் படகிலும் வேண்டாம்.

எத்தனை மணிப் படகில் ஏறுவது?

இதற்குத்தான் நான் அதிக நேரம் செலவழிப்பேன். நம் பக்கத்து நாடுகளில் அந்தி மிகவும் குறுகியது. சூரியன் மறைந்து இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் வானம் கறுத்துவிடும். அந்த இருபது நிமிடத்தில்தான் வானத்தில் இன்னும் நிறம் இருக்கும், கரையில் விளக்கும் எரியத் தொடங்கியிருக்கும். அந்த நேரத்தில் நீங்கள் தண்ணீரின் நடுவில் இருக்க வேண்டும். துறையில் வரிசையில் நிற்கக் கூடாது, பஃபேயில் தட்டோடும் நிற்கக் கூடாது. சூரிய மறைவுக்கு முக்கால் மணி நேரம் முன்பு கிளம்பும் படகே சரி.

கோவாவில் ஏமாறுவது எளிது. சென்னையிலிருந்து போகிறவர் நம் ஊர்க் கணக்கில் ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடும் என்று முந்தைய படகில் ஏறிவிடுவார். பனாஜி நமக்கு மேற்கே இருப்பதால் அங்கே சூரியன் ஏறக்குறைய 25 நிமிடம் பிந்தித்தான் மறையும். டிசம்பர் நடுவில் சென்னையில் 5:45-ஐ ஒட்டி மறைந்தால் பனாஜியில் ஆறு தாண்டிவிடும். ஒரு மணி நேரப் பயணத்தில் இந்த 25 நிமிடம் பெரிய விஷயம்.

பாங்காக்கில் சிக்கல் வேறு. டின்னர் கப்பல்கள் பெரும்பாலும் ஏழு, ஏழரைக்கு மேல்தான் கிளம்பும். அங்கே ஆண்டு முழுவதும் சூரியன் ஏழு மணிக்கு முன்பே மறைந்துவிடும், ஆக டின்னர் கப்பலில் சூரிய மறைவு கிடையாது. அது வேண்டும் என்றால் ஐந்து மணியளவில் கிளம்பும் மாலைப் பயணத்தைத் தேடுங்கள். சாப்பாடு எளிமையாக இருக்கும், கூட்டமும் குறைவு. இரண்டுக்கும் ஆசைப்பட்டு டின்னர் கப்பலையே எடுப்பவர்கள் சூரியன் மறையும் முன்பே துறைக்குப் போய் கரையிலிருந்து வானத்தைப் பார்த்துவிட்டு ஏறலாம்.

முட்டுக்காட்டில் முடிந்தால் பௌர்ணமியை ஒட்டிப் போங்கள். மேற்கே சூரியன் இறங்கும் நேரத்தில் கிழக்கே கடல் பக்கம் நிலா எழும்.

மேல் தளமா, கீழ்த் தளமா?

மேல் தளம். ஏசிக்குள் கண்ணாடி வழியே ஆற்றைப் பார்க்க இவ்வளவு தூரம் வர வேண்டாம், உள்ளிருக்கும் விளக்கே கண்ணாடியில் தெரியும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கும் கைக்குழந்தையோடு வருபவர்களுக்கும் மட்டும் கீழ்த் தளம். அங்கேயும் ஜன்னலோர மேசையைக் கேட்டு வாங்குங்கள். பாட்டுக் கருவிகள் எந்த இடத்தில் இருக்கின்றன என்றும் கேளுங்கள். ஸ்பீக்கருக்கு அடியில் உட்கார்ந்தால் இரண்டு மணி நேரம் பக்கத்தில் இருப்பவரோடு ஒரு வார்த்தை பேச முடியாது.

சைவச் சாப்பாடு கிடைக்குமா?

கோவாவில் கவலையில்லை. பாங்காக்கில் இந்தியச் சைவப் பஃபே தனியாக வைக்கும் கப்பல்கள் உண்டு, விலை கொஞ்சம் கூடும். பொதுப் பஃபேயில் காய்கறி மட்டும் கிடக்கும் பாத்திரத்தை நம்பி எடுக்காதீர்கள். மீன் சாஸும் சிப்பி சாஸும் அங்கே அடிப்படைச் சமையல் பொருட்கள். “மீன் சாஸ் இல்லாமல்” என்று சொல்லிக் கேட்க வேண்டும். அங்கே “ஜே” என்று குறித்த உணவில் இறைச்சி, மீன், முட்டை, பால் எதுவும் இருக்காது, பூண்டும் வெங்காயமும்கூட இருக்காது. விரத நாட்களில் வெங்காயம் சேர்க்காத வீட்டுப் பெரியவர்களுக்கு இது பெரிய உதவி.

அப்பா அம்மாவை அழைத்துப் போகலாமா? பார் இருக்கிறது என்று தயங்குகிறார்கள்.

அழைத்துப் போங்கள். ஆனால் டிஜே படகுக்கு வேண்டாம். மாலைப் பயணத்தில், பாட்டு குறைவாக இருக்கும் படகில், ஓர மேசையில் உட்கார வையுங்கள். அவர்களுக்குக் கஷ்டம் தருவது பார் இல்லை, ஏறி இறங்குவதுதான். சாவ் பிரயாவில் கடலின் ஏற்றவற்றம் பாங்காக் வரை தெரியும், அதனால் மிதவைத் துறைக்குப் போகும் பலகையின் சரிவு நேரத்துக்கு நேரம் மாறும். படகும் துறையும் ஆடும்போது நடுவில் ஓர் அடி இடைவெளி வரும். கூட்டம் முதலில் ஏறட்டும், பெரியவர்கள் கடைசியில் ஊழியரின் கையைப் பிடித்துக்கொண்டு ஏறட்டும். கழிப்பறை எந்தத் தளத்தில் இருக்கிறது என்று ஏறியவுடன் பார்த்து வையுங்கள்.

பாதுகாப்புக்கு என்ன பார்க்க வேண்டும்?

இந்தப் பகுதியை மட்டுமாவது யாரும் தாண்டிப் போகாதீர்கள்.

2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் இரண்டு தளப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். கரையில் விலங்குகளைப் பார்க்க எல்லோரும் ஒரே பக்கம் எழுந்து போனதும் அதற்கு ஒரு காரணம். 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய மீன்பிடிப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். ஒன்றாக உல்லாசமாகக் கிளம்பிய உறவினர்கள். 2023 மே 7 அன்று கேரளத்தின் தானூரில் மீன்பிடிப் படகை மாற்றிச் செய்த இரண்டு தளச் சுற்றுலாப் படகு, இருட்டிய பிறகு, நெரிசலோடு போய்க் கவிழ்ந்தது. 22 பேர் இறந்தார்கள், பலர் குழந்தைகள்.

மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் நாம் செய்ய வேண்டியது தெரிகிறது. இரண்டு தளப் படகில் மேலே ஆள் கூடக்கூடப் படகின் நிலைத்தன்மை குறையும், அந்த ஆட்கள் ஒரே பக்கம் ஒதுங்கினால் சாயும். படகில் எழுதியிருக்கும் அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கையைப் படியுங்கள். எழுதியில்லை என்றால் கேளுங்கள். அதைத் தாண்டி ஏற்றுகிறார்கள் என்று தோன்றினால் இறங்கிவிடுங்கள். டிக்கெட் காசு போகட்டும். வாணவேடிக்கையோ கோயில் விளக்கோ ஒரு பக்கம் வந்தால் முழுக் கூட்டமும் அங்கே ஓடாமல் இருக்கிற இடத்திலிருந்தே பாருங்கள். லைஃப் ஜாக்கெட் எங்கே இருக்கிறது என்று ஏறியவுடன் கண்ணால் பார்த்துவிடுங்கள், பூட்டிய பெட்டியில் இருந்தால் கேள்வி கேளுங்கள். சின்னப் படகு என்றால் கட்டிக்கொள்ளுங்கள், புடவை கசங்கினால் கசங்கட்டும். குழந்தைக்குக் குழந்தை அளவு ஜாக்கெட் வேண்டும், பெரியவர்களுடையது தண்ணீரில் தலைவழியே கழன்றுவிடும்.

குடித்தவர் கைப்பிடிக் கம்பிமேல் உட்காருவதையும் அதில் சாய்ந்து செல்ஃபி எடுப்பதையும் நண்பர்கள்தான் தடுக்க வேண்டும். குழுவில் ஒருவராவது அன்று மாலை குடிக்காமல் இருங்கள்.

தலைசுற்றல், வாந்தி வருமா?

ஆற்றில் பெரும்பாலும் வராது. முன்பே பழக்கமுள்ளவர்கள் அவோமின் போன்ற மாத்திரை போட்டுக்கொள்வார்கள். அதைப் போட்டால் அன்றைக்கு மது வேண்டாம், இரண்டும் சேர்ந்து அளவுக்கு மீறிய தூக்கக் கலக்கம் வரும்.

எந்த மாதம் நல்லது?

முட்டுக்காட்டுக்கு ஜனவரி முதல் மார்ச் வரை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருக்கும் நாளில் நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள். கோவாவுக்கு நவம்பர் முதல் பிப்ரவரி வரை. நமக்கு மழை குறைவான ஜூன் முதல் செப்டம்பர் வரை அங்கே கொட்டும். பாங்காக்குக்கும் நவம்பர் முதல் பிப்ரவரி வரையே இதம். நவம்பர் பௌர்ணமியில் லோய் கிராத்தோங், ஆற்றில் வாழைத்தண்டுத் துண்டுகளில் பூவும் விளக்கும் வைத்து மிதக்க விடுவார்கள். நம் கார்த்திகை தீபத்தை மனதில் வைத்திருப்பவர்களுக்கு அந்த இரவு நெருக்கமாக இருக்கும், ஆனால் கப்பல்கள் நிரம்பி வழியும், முன்கூட்டியே பதிவு செய்யாவிட்டால் இடம் கிடைக்காது. பௌத்தப் புனித நாட்களில் அங்கே மது விற்பனைக்குக் கட்டுப்பாடு உண்டு. அங்கே மது அருந்தும் வயது 20.

பெண்கள் மட்டும் போனால்?

போகலாம், நிறையப் பேர் போகிறார்கள். மேடைக்கு முன்னால் இல்லாமல் ஊழியர்கள் நிற்கும் பக்கமாக மேசை கேளுங்கள். கிளாஸைத் திறந்து வைத்துவிட்டு நடனமாடப் போகாதீர்கள், திரும்பி வந்தால் புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பும் வண்டியைக் கரை சேருவதற்கு முன்பே பதிவு செய்துவிடுங்கள்.

காரில்தான் போகிறோம். திரும்பி எப்படி ஓட்டுவது?

ஓட்டாதீர்கள். நூறு மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தாலே குற்றம். முதல் முறைக்கே 10,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஈசிஆரில் வார இறுதி இரவுகளில் எத்தனை விபத்து நடக்கிறது என்பது சென்னைக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆக்டிங் டிரைவரைப் போகும்போதே அமர்த்திக்கொள்ளுங்கள். இரவு பத்து மணிக்கு மேல் முட்டுக்காட்டிலிருந்து தேடினால் கிடைப்பது கஷ்டம். அவருக்குச் சாப்பாட்டுக்கும் காத்திருக்கும் நேரத்துக்கும் சேர்த்துப் பேசிவிடுங்கள்.

எங்கே பதிவு செய்வது? துறையிலேயே வாங்கினால் மலிவா?

மாண்டவியில் துறைக் கவுண்டரிலேயே வாங்கலாம், ஆனால் சாலையிலேயே மறித்து “இந்தப் படகு போய்விட்டது, அடுத்தது எங்களுடையது” என்று சொல்பவர்களைக் கடந்து கவுண்டர் வரை போங்கள். பாங்காக்கில் முன்பதிவே மேல். அங்கே கப்பலின் பெயரையும் துறையின் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள், ஒரே துறையில் ஒரே நேரத்தில் நாலைந்து கப்பல்கள் நிற்கும், வரிசை மாறி நின்றவர்கள் பலர். மழைக்கு ரத்து செய்தால் பணம் திரும்புமா, வேறு நாளுக்கு மாற்றித் தருவார்களா என்பதைப் பணம் கட்டும் முன் கேளுங்கள். கிளம்பும் நேரத்துக்கு அரை மணி முன்பே துறையில் இருங்கள். பாங்காக்கில் மாலை நேரச் சாலை நெரிசல் நம் கத்திப்பாராவுக்குக் குறைந்ததில்லை, ஆகவே பிடிஎஸ் என்ற மேம்பால ரயிலில் சபான் தக்சின் நிலையத்தில் இறங்கி அங்கிருந்து படகில் துறைக்குப் போவதே நிச்சயமான வழி. படகு யாருக்காகவும் நிற்காது, அதே டிக்கெட்டில் அடுத்த படகில் ஏற்றவும் மாட்டார்கள்.